பூட்டும் திறப்பும்: நொதியத்துக்குக் கூறப்படும் உவமை பற்றிய ஓர் ஆய்வு

உவமை செய்யுளுக்கு மட்டும் உரிய அணி என்று கருதுவோர் விஞ்ஞானப் பாடநூல் ஒன்றைச் சிறிது புரட்டிப் பார்த்தல் நன்று. இதயம் ஒரு பம்பி; கண் ஒரு கமரா; கலம் ஒரு தொழிற்சாலை; இழைமணி அத்தொழிற்சாலையின் ஆற்றல் நிலையம்; நொதியம் ஒரு பூட்டு, அது தாக்கும் கீழ்ப்படை அப்பூட்டுக்கு உரிய திறப்பு. இவ்வாறு புலவர் நூல்களில் காணப்படும் அளவிற்குக் குறையாமல் பாடநூல்களிலும் உவமைகள் செறிந்து கிடக்கின்றன. எனினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. புலவன் கூறும் உவமை பொருந்தாதாயின் அச்செய்யுள் ஒன்றே சுவை குன்றும். ஆசிரியன் கூறும் உவமை பொருந்தாதாயின், பரீட்சை முடிந்து பல்லாண்டு கழிந்த பின்னும் அது மாணவன் உள்ளத்தில் உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும். ஆதலின் விஞ்ஞான உவமைகளையும் இலக்கிய உவமைகளைப் போலவே திறனாய்வுக்கு உட்படுத்துதல் வேண்டும்.

அவ்வாறு ஆய்வதற்குரிய அளவுகோல் தமிழிலேயே உண்டு. உவமம் தோன்றும் வகைகளைத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். ஒன்று செய்யும் தொழிலால் ஒப்புமை கூறுவது வினையுவமம். அதனால் விளையும் நன்மை பற்றிக் கூறுவது பயனுவமம். வடிவத்தால் ஒப்பிடுவது மெய்யுவமம். நிறத்தால் ஒப்பிடுவது உருவுவமம். இந்நான்கனுள் பூட்டும் திறப்பும் எவ்வகையைச் சாரும்? ஐயமின்றி அது மெய்யுவமமே. பூட்டின் துவாரத்தின் வடிவும் திறப்பின் பற்களின் வடிவும் ஒன்றுக்கொன்று இயைவது போல, நொதியத்தின் வினைத்தானமும் கீழ்ப்படையும் வடிவால் இயைகின்றன என்பதே அதன் கருத்து. வடிவம் பற்றிய கூற்றாக நிற்கும் வரையில் அதில் குற்றம் இல்லை. நொதியத்தின் தொழில் முழுவதையும் விளக்கிவிட்டதாக அதைக் கொள்ளும்போதே குற்றம் தோன்றுகிறது.

இவ்வுவமையை முதலில் கூறியவர் ஜேர்மன் இரசாயன அறிஞர் எமில் பிஷர், ஆண்டு 1894. சர்க்கரைகளின் வடிவ நுட்பங்களை ஆராய்ந்துகொண்டிருந்த அவருக்கு, ஒரு நொதியம் ஒரு வடிவத்தை ஏற்று அதன் மறுபக்க வடிவத்தை ஏலாது விடுதற்குக் காரணம் கூற வேண்டியிருந்தது. நொதியம் புரதமா அன்றா என்பதே துணியப்படாத காலம் அது. அந்நிலையில் அவர் கண்ட உவமை வியத்தற்குரியது. 1958இல் டானியல் கோஷ்லண்டு அதில் ஒரு திருத்தம் செய்தார். கீழ்ப்படை வந்து சேரும்போது நொதியமும் தன் வடிவைச் சற்று மாற்றிக்கொள்கிறது என்றும், கையுறை கைக்கு இசைவது போன்றது அது என்றும் விளக்கினார். உயர்தர வகுப்பு மாணவர் இவ்விரண்டையும் கற்கின்றனர். ஆயினும் பூட்டு கையுறையானதே அன்றி உவமையின் வகை மாறவில்லை. இரண்டும் தனித்து நிற்கும் ஒரு நொதியத்தையும் அதன் வடிவத்தையுமே பேசுகின்றன. அந்த நொதியம் கலத்தினுள் எங்கே நிற்கிறது, எத்தனை துணையோடு நிற்கிறது, கூட்டம் கலைந்தால் அது நின்ற இடத்திலேயே நிற்குமா என்னும் வினாக்களுக்கு அவற்றில் இடமே இல்லை.

இவ்வினாக்கள் வெறும் நுணுக்க ஆராய்ச்சி அல்ல என்பதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அதன் வரலாறு சென்னையோடு தொடர்புடையது என்பது தமிழ் மாணவருக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

எல்லாப்பிரகடா சுப்பராவ் 1895இல் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து, மூன்றாம் முயற்சியிலேதான் மெட்ரிக்குலேசன் தேறினார் என்பர். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்று அமெரிக்கா சென்று, ஹாவார்டு மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் பணியாற்றினார். பொசுபரசை அளவிடுவதற்கு இருவரும் 1925இல் வெளியிட்ட முறை இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. அம்முறையைத் தசைச் சாற்றுக்குப் பயன்படுத்தியபோது, தோன்ற வேண்டிய நீல நிறம் உடனே முழுமையாகத் தோன்றாது தாமதித்துத் தோன்றியது. அத்தாமதத்தை முறையின் குறை என்று ஒதுக்கிவிடாமல் அவர்கள் ஆராய்ந்தனர். தசையில் உள்ள பொசுபேற்றில் ஒரு பகுதி கிரியற்றீன் என்னும் பொருளோடு சேர்ந்திருப்பதும், அமிலம் பட்டவுடன் அச்சேர்க்கை சிதைவதும் 1927இல் வெளிப்பட்டன. அதுவரை ஆராய்ந்தோர் அமிலத்தை ஊற்றிப் பொருளைச் சிதைத்துவிட்டு, சிதைவில் மிஞ்சிய பொசுபேற்றையே அளந்துகொண்டிருந்தனர். பிரித்தெடுக்கும் முறையே பொருளை அழித்துவிடக்கூடும் என்னும் இந்தப் பாடம் இவ்வரலாற்றில் இன்னொரு முறையும் வரும். இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் அதே ஆண்டில் அப்பொருளைத் தனித்துக் கண்டனர்.

பொசுபோகிரியற்றீன் எனப்படும் அப்பொருள் தசையின் சேமிப்பு. ஓய்ந்திருக்கும் தசையில் அது ஏ.ரீ.பி.யைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். தசை சுருங்கும்போது ஏ.ரீ.பி. செலவாக, இச்சேமிப்பு அதை உடனுக்குடன் நிரப்புகிறது. வலையில் நெடுநேரம் துள்ளி இறந்த மீன் விரைவில் விறைத்துப்போவதையும், பிடித்த உடனே கொல்லப்பட்ட மீன் தாமதித்து விறைப்பதையும் கடற்றொழிலாளர் அறிவர். துள்ளிய மீனின் தசையில் சேமிப்பு முன்னரே தீர்ந்துவிடுகிறது என்பதே அதன் காரணம்.

இச்சேமிப்பில் இடுவதையும் எடுப்பதையும் செய்யும் நொதியம் கிரியற்றீன் கைனேசு. அதில் ஒரு வகை கலத்தின் பொதுத் திரவத்தில் உள்ளது. வேறொரு வகை இழைமணிக்குள் இருப்பதை ஜேக்கப்ஸ், ஹெல்ட், கிளிங்கன்பேர்க் என்போர் 1964இல் அறிவித்தனர். அது இழைமணியின் புற மென்சவ்வுக்கும் அக மென்சவ்வுக்கும் இடைப்பட்ட வெளியில் நிற்கிறது. அக மென்சவ்வின் உட்புறத்தில் உண்டாகும் ஏ.ரீ.பி. ஒரு கடத்திப் புரதத்தின் வழியே வெளியேறும்போது இந்நொதியம் வாயிலிலேயே அதை ஏற்று, அதன் பொசுபேற்றைக் கிரியற்றீனுக்குக் கொடுத்து, எஞ்சிய ஏ.டீ.பி.யை மீண்டும் உள்ளே செல்ல விடுகிறது. பொசுபோகிரியற்றீன் புற மென்சவ்வின் துளைகள் வழியே கலத்துக்குள் செல்கிறது. இந்நொதியத்தின் தொழிலும் இழைமணியின் ஒட்சியேற்றமும் நெருங்கி இணைந்தவை என்பதை ஜாக்கோபசும் லெனிஞ்சரும் 1973இல் எலியின் இதயத்தைக் கொண்டு காட்டினர். வாயிலில் நிற்பவன் வாயிலை விட்டு அகன்றால் இந்தக் கொடுக்கல் வாங்கல் குன்றும் என்பது வெளிப்படை.

அவனை வாயிலில் நிறுத்தி வைத்திருப்பது எது? இதற்குத் திட்டமான விடை சூரிச் நகரில் தியோ வாலிமானும் அவர் குழுவினரும் செய்த ஆய்வுகளால் கிடைத்தது. இழைமணியிலிருந்து எடுத்த இந்நொதியத்தின் பருமன் பற்றி முன்னர் ஆய்வாளருக்கு ஆய்வாளர் கருத்து வேறுபட்டது. இரண்டு அலகுகள் சேர்ந்தது என்றனர் சிலர். எட்டு என்றனர் சிலர். 1988இல் இவ்வேறுபாட்டின் காரணம் தெளிந்தது. இயல்பான நிலையில் அது எட்டு அலகுகளின் கூட்டம். அதை எண்பகுதியம் எனலாம். கரைசலை மிகவும் நீர்க்கச் செய்தால் எண்பகுதியம் மெல்ல மெல்ல நான்கு இருபகுதியங்களாகப் பிரிகிறது. செறிவு கூடினால் மீண்டும் கூடுகிறது. ஆய்வாளரின் குடுவையில் இருந்த நீரின் அளவே அவர் கண்ட உண்மையைப் பெரிதும் தீர்மானித்தது. சுப்பராவ் வரலாற்றில் அமிலம் செய்த வேலையை இங்கே நீர் செய்தது.

1996இல் கோழியின் இழைமணியிலுள்ள எண்பகுதியத்தின் பளிங்குக் கட்டமைப்பு வெளியாயிற்று. அது ஏறத்தாழக் கனசதுர வடிவுடையது. ஒவ்வொரு பக்கமும் ஒன்பது நானோமீற்றர் அளவு. நடுவே ஊடுருவிச் செல்லும் ஒரு கால்வாய். அதன் மேல் முகமும் கீழ் முகமும் ஒத்தவை. புரதச் சங்கிலியின் கடைக்கோடிகள் முகத்துக்கு நான்காக அவ்விரு முகங்களிலும் வெளிப்பட்டு நிற்கின்றன. அக்கோடிகளில் இலைசீன் என்னும் நேரேற்றமுள்ள அமினோவமிலங்கள் உள்ளன. இழைமணியின் அக மென்சவ்வில் கார்டியோலிப்பின் என்னும் மறையேற்றமுள்ள கொழுப்பு மிகுந்துள்ளது. மாட்டு இதயத்திலிருந்து முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டமையாலேயே அது இதயத்தின் பெயரைப் பெற்றது. நேரேற்றம் மறையேற்றத்தைப் பற்றுகிறது. கடைக்கோடி இலைசீன்களை மாற்றிவிட்டால் அப்பற்று தளர்வதை 2004இல் வெளியான சோதனைகள் காட்டின.

இங்கேதான் கூட்டத்தின் பெருமை விளங்குகிறது. தனி இலைசீனின் பிடி வலுவற்றது. ஒன்று பற்ற மற்றொன்று நழுவும். ஒரு முகத்தில் நான்கு கோடிகள் ஒருங்கே பற்றும்போது ஒன்று நழுவினும் மற்றவை விடுவதில்லை. நழுவியது மீண்டும் பற்றும் வரை அவை தாங்கிக்கொள்ளும். மேலும் எண்பகுதியத்துக்கு எதிரெதிராக இரு முகங்கள் உள்ளமையால், அது ஒரு முகத்தால் அக மென்சவ்வையும் மறுமுகத்தால் புற மென்சவ்வையும் பற்றி இரண்டையும் நெருக்கி வைக்கிறது. இருபகுதியம் மென்சவ்வைத் தொடவே தொடாது என்பதன்று. எண்பகுதியத்தைப் போல உறுதியாக அது பற்றுவதில்லை. இரு மென்சவ்வுகளையும் சேர்த்துப் பிடிக்கவும் அதனால் இயல்வதில்லை.

இனி உவமைக்குத் திரும்பலாம். எட்டு அலகுகளில் ஒவ்வொன்றிலும் தனித்தனி வினைத்தானம் உண்டு. கூட்டம் கலைந்து இருபகுதியமான பின்னரும் அவ்வினைத்தானங்கள் தொழிலாற்ற வல்லவையே. பூட்டு அதே பூட்டு. திறப்பு அதே திறப்பு. பூட்டு திறக்கவும் செய்கிறது. ஆயினும் அது பொருத்தப்பட்டிருந்த கதவை விட்டுக் கழன்று முற்றத்தில் கிடக்கிறது. முற்றத்தில் கிடக்கும் பூட்டைத் திறப்பதால் வீட்டிற்கு யாது பயன்? பிஷரின் உவமை மட்டும் கற்ற மாணவனுக்குக் கதவில் தொங்கும் பூட்டுக்கும் முற்றத்துப் பூட்டுக்கும் வேறுபாடு தெரியாது. மெய் ஒத்தது, வினை ஒக்கவில்லை, பயனோ இல்லை.

இழைமணியை ஆற்றல் நிலையம் என்பதும் இவ்வாறே குறையுடையது. 1957இல் பிலிப் சீக்கெவிற்சு எழுதிய கட்டுரையின் பின் அத்தொடர் உலகெங்கும் பரவியது. மின்னிலையத்திலிருந்து கம்பி வழியே மின்சாரம் தானே ஊருக்குப் போய்ச் சேர்கிறது. கலத்திலோ கம்பி இல்லை. உண்டாக்கிய பொருளை வாயிலில் ஏற்றுக் கைமாற்றி அனுப்பும் ஏற்பாடு இன்றியமையாதது. அதைப் பற்றி அவ்வுவமை வாய் திறப்பதில்லை.

ஓர் உவமையைக் குறை கூறுவோர் வேறோர் உவமை காட்டக் கடமைப்பட்டவராவர். அதற்கு மேல்நாட்டுப் பூட்டுக்கடையை நாட வேண்டுவதில்லை. திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியில் உள்ள குச்சவெளிக் கடற்கரையில் நிற்கும் மாணவனுக்கு அது கண்முன்னே கிடைக்கும்.

முதலில் நினைவுக்கு வருவது கட்டுமரம். தனி மரங்களைக் கயிற்றால் பிணித்துக் கடலில் இறக்குவதும், கரை சேர்ந்தபின் அவிழ்த்து உலர விடுவதும் பழைய வழக்கம். (அச்சொல் ஆங்கிலத்திற்குச் சென்று இரட்டை உடல் கொண்ட வேறொரு மரக்கலத்தின் பெயராகிவிட்டமை சொற்களின் விதி.) கூடுதலும் பிரிதலும் என்னும் அளவில் எண்பகுதியத்துக்குக் கட்டுமரம் நன்கு ஒப்பாகும். ஆனால் தனி மரம் கடலில் தொழிலாற்றாது. தனி இருபகுதியமோ வினையூக்க வல்லது. மேலும் கட்டுமரம் எதையும் பற்றி நிற்பதன்று. இன்று கரைகளில் கண்ணாடியிழைப் படகுகள் மலிந்துவிட்டமையால் இளைய மாணவர் பலர் கட்டுமரம் அவிழ்க்கப்படுவதைக் கண்டுமிருக்கமாட்டார்.

கரைவலை இதனினும் பொருத்தமுடையது. வாடைக்காற்று ஓய்ந்து கீழ்க்கடல் அமைதியுறும் மாதங்களில், வலையைக் கடலில் வளைத்து இட்டு, அதன் இரு கயிறுகளையும் கரையில் இரு அணியினர் நின்று இழுப்பர். அம்பாப் பாடலின் தாளத்துக்கு அடி எடுத்து வைத்து இழுக்கும் அவர்களுள் ஒருவனைத் தனியே பிரித்தால் அவன் தோள்வலி குறைந்துவிடுவதில்லை. அவன் கையும் கையின் பிடியும் முன்போன்றவையே. ஆனால் தனியொருவன் பிடித்த கயிற்றைக் கடல் இழுத்துக்கொள்ளும். பலர் பிடித்த கயிற்றில் ஒருவன் கை வழுக்கினாலும் மற்றவர் கைகள் தாங்கும். இரு அணிகளும் இரு கயிறுகளையும் பற்றியிருக்கும் வரையிலேதான் வலையின் இரு கைகளும் ஒன்றை ஒன்று நெருங்கும். ஓரணி கலைந்தால் வலை வாய் திறந்துவிடும். இதில் வினை ஒக்கின்றது, பயனும் ஒக்கின்றது. வடிவமோ சிறிதும் ஒக்கவில்லை. கனசதுரமான புரதத்துக்கும் நீண்ட கயிற்றுக்கும் என்ன ஒப்புமை? அவ்வேறுபாடே நன்மையாகிறது, உவமையைப் பொருளென்று மயங்க இடமின்றிப் போகிறது.

இவ்வுவமைக்கும் எல்லை உண்டு. கரைவலையில் சம்மாட்டி ஒருவர் நின்று ஏவுகிறார். கலத்தில் ஏவுவோர் எவருமில்லை. செறிவும் ஏற்றமும் வெப்ப அசைவும் இயற்றும் கூட்டம் அது. ஏவலாளர் உண்டென்று மாணவன் எண்ணிவிடாதபடி ஆசிரியர் காத்தல் வேண்டும்.

கூட்டம் கலைவது ஆய்வுக்குடுவையில் மட்டும் நிகழ்வதாயின் இவ்வளவு பேச வேண்டியதில்லை. இரத்த ஓட்டம் தடைப்பட்ட விலங்கு இதயங்களில் எண்பகுதியங்களின் பங்கு குறைந்து இருபகுதியங்களின் பங்கு மிகுவதையும், மென்சவ்வைப் பற்றி நிற்கும் நொதியத்தின் அளவு குறைவதையும் 1999இல் ஒரு குழுவினர் வெளியிட்டனர். தடைப்பட்ட ஓட்டம் மீளும்போது நைத்திரிக்கு ஒட்சைட்டும் ஒட்சிசனின் கேடுறுத்தும் வடிவம் ஒன்றும் சேர்ந்து பேரொட்சிநைத்திரைற்று என்னும் பொருள் உண்டாகிறது. அது இருபகுதியங்களைத் தாக்கி, அவை மீண்டும் எண்பகுதியமாகக் கூடவொட்டாமல் செய்வதைச் சோதனைகள் காட்டியுள்ளன. புற்றுநோய்க்கு வழங்கப்படும் டொக்சோரூபிசின் என்னும் மருந்து இதயத்துக்கு ஊறு செய்வது மருத்துவர் நன்கறிந்தது. அம்மருந்து கார்டியோலிப்பினைப் பற்றிக்கொண்டு இந்நொதியத்தை மென்சவ்விலிருந்து அகற்றுவதும், எண்பகுதியத்தைக் குலைப்பதும் ஆய்வுகூடத்தில் காணப்பட்டன. இதய ஊறு முழுவதற்கும் இதுவே காரணம் என்று கொள்வது மிகையாகும். வேறு வழிகளும் கூறப்படுகின்றன. இந்நொதியம் அறவே இன்றிப் பிறப்பிக்கப்பட்ட எலிகளும் உயிர் வாழ்கின்றன என்பதையும் மறைத்தல் ஆகாது. கலத்துக்கு மாற்று வழிகள் உண்டு. இழைமணியிலிருந்து ஆற்றல் செல்வதில் பொசுபோகிரியற்றீன் எத்துணைப் பங்கு ஏற்கிறது என்பதில் அறிஞரிடையே வாதம் ஓயவில்லை. ஆயினும் நோயுற்ற இதயத்தில் வினைத்தானம் பழுதுறாதிருக்கவே நொதியம் நிலைபெயரக் கூடும் என்பதைப் பூட்டும் திறப்பும் மட்டும் கற்று மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் மாணவன் எதிர்பார்க்கமாட்டான்.

இறுதியாகக் கலைச்சொற்கள் பற்றி ஒரு குறை. இழைமணி என்னும் சொல் மிகச் செவ்விய ஆக்கம். கிரேக்க மூலத்தில் உள்ள இழையும் மணியும் அப்படியே தமிழில் அமைந்துள்ளன. நொதியம், மென்சவ்வு, பகுதியம் என்பனவும் குறை கூறத்தக்கன அல்ல. தமிழகத்தார் நொதி, படி என்று வழங்குவது பற்றி இங்கு வழக்காட வேண்டுவதில்லை. இடர் விளைப்பது பிணைப்பு என்னும் சொல் ஒன்றே. இரு அணுக்கள் இலத்திரன்களைப் பங்கிட்டு இணைவதும் பிணைப்பு. ஒரு புரதம் மென்சவ்வின் மீது வந்து தங்கிப் பின் விலகுவதும் பிணைப்பு என்று நூல்கள் எழுதுகின்றன. முன்னையது எளிதில் அறாதது. பின்னையது கணந்தோறும் விட்டும் தொட்டும் நிற்பது. ஒரே சொல்லால் இரண்டையும் கற்ற மாணவன், எண்பகுதியம் மென்சவ்வோடு அறாத இணைப்புக் கொண்டது என்றே எண்ணுவான். கூட்டம் கலைந்தால் அது ஏன் விலகுகிறது என்பது அவனுக்குப் புதிராகிவிடும். அணுக்களின் இணைப்புக்குப் பிணைப்பு என்பதை நிறுத்திக்கொண்டு, புரதம் மென்சவ்வை நாடி நிற்பதற்குப் பற்று என்றும், அது விலகுவதற்குப் பற்றுவிடல் என்றும் வழங்கலாம். அளவு குறிக்க வேண்டுமிடத்துப் பற்றுவலு என்க.